விதி 417

வெள்ளி இரவு பதினொன்று.
டர்பனில், ஜேக்கப்ஸ் சலவை ஆலையின் சர்வர் அறை.
நான்காம் கட்ட மின்வெட்டு. ஜெனரேட்டர்
இருமி இருமிப் பிடித்துக்கொண்டது.

மேகத்துக்குப் போகிறோம் என்று
பத்தர் ஐயா சொல்லி ஆறு மாதம்.
மேகம் என்ன மேகம், ஜோகன்னஸ்பர்க் ஓரத்தில்
வேலியும் நாயும் வைத்த இன்னொரு கிடங்கு.
நிஜ மேகம் இங்கே கீழ்த்தளத்தில் இருக்கிறது:
ஆஸ்பத்திரி விரிப்புகள், ஹோட்டல் துவாலைகள்,
நீராவிக்குள் நின்று மடிக்கும் பெண்களுக்கு
முழங்கைக்கு மேல் உடம்பே தெரியாது.

இடம்பெயர்க்கும் கருவிக்குக் களைப்பு கிடையாது.
ஒவ்வொரு கோப்பாக மோந்து பார்க்கிறது.
எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று
கோடு இழுக்கிறது, பச்சை டிக் போடுகிறது.
நான் எழுதிய ஸ்கிரிப்ட்தான், ஆனாலும்
என்னைவிட நிதானம்.
மூவாயிரம் வாடிக்கையாளர் கணக்கு: போயிற்று.
துவாலை எண்ணிக்கை, பதினெட்டு வருடத்தது: போயிற்று.
சம்பளப் பட்டியலில்
நின்றது.

மஞ்சள் விளக்கு.
விதி 417. ஆவணம் இல்லை. உரிமையாளர் இல்லை.
நீக்கப் பரிந்துரை.

திறந்தேன். பதினோரு வரி.
தலையில் ஒரு குறிப்பு: ஆர்.பி., மார்ச் 99, தொடாதே.

யார் ஆர்.பி.?
பழைய ஊழியர் பட்டியலில் ரீட்டா பீட்டர்சன் ஒருத்தி,
ருக்குமணி பெருமாள் ஒருத்தி.
இரண்டு பேருக்கும் போன் நம்பர்
ஏழே இலக்கம்.

வரிகள் சொன்னது இவ்வளவுதான்:
விடிகாலை மூன்றே முக்காலிலிருந்து நாலரைக்குள்
அட்டை தேய்த்து வெளியேறுபவர் எவரோ
அவர் ஐந்து மணிக்கு வெளியேறியதாகக்
கொள்.

பிழை என்றுதான் நினைத்தேன்.
யாரோ கடிகாரத்தைத் திருத்த வந்து
பாதியில் டீக்குப் போயிருப்பார்கள்.
விரல் நீக்கு பொத்தானுக்குப் போய்விட்டது.

அப்போது கீழே ஷிஃப்ட் முடிந்த மணி.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
இருபத்து மூன்று பெண்கள், ஈரத் தலைத்துணி,
கவிழ்த்த சோப்புப் பெட்டிகளின்மேல் உட்காருகிறார்கள்.
காவலாளி ங்கன்யீசோ கேட்டைத் திறக்கவில்லை,
இந்த நேரத்தில் வெளியே நின்றால்
கைப்பை போகும், சில நாள் அதற்கு மேலும் போகும்.
உம்லாசிக்கு முதல் டாக்ஸி ஐந்துக்கு.

ஒருத்தி ஷூவைக் கழற்றிப்
பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

இருபத்து மூன்று மணி நேரம், ஒவ்வொரு இரவும்,
இருபத்து நான்கு வருடம்.
பெருக்கப் போய் நிறுத்திவிட்டேன்.
இது திருட்டா, பாக்கியா என்று குறிக்கக்
கருவியில் கட்டம் இல்லை.
இருந்தது ஒன்றே: உரிமையாளர்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
காலியாக விட முடியாது.

பழைய மெஷினுக்கு வாயை மூடத் தெரிந்திருந்தது.
புதியது அப்படியில்லை. மாதம் ஒன்றாம் தேதி
எந்த விதி எத்தனை ராண்ட் தின்றது,
அதை யார் வளர்க்கிறார் என்று
பத்தர் ஐயாவின் போனுக்கே போய்ச் சொல்லும்.
என் வீட்டுக் கடன் இன்னும் பதினாறு வருடம்.

ஆர்.பி. என்று அடித்துப் பார்த்தேன்.
செல்லாத பயனர் என்றது.

ஜெனரேட்டர் ஒருமுறை திக்கியது.
யோசித்தால் கை நின்றுவிடும் என்று
வேகமாக அடித்தேன், திலோஷினி நாயக்கர்,
நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போய்
திரும்ப அடித்தேன்.
ஆவணம் என்ற இடத்தில்:
டாக்ஸி ஐந்து மணிக்கு.

பச்சை.

கருவி ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்ததுக்கு நகர்ந்தது,
418: சோப்புத்தூள் இருப்பு.